பின்சக்கரம் நாறிய நாட்கள்

பிரேக் லைனர் கருகும் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. முகராதவர்களுக்குச் சொல்கிறேன்: தலைமுடியைத் தணலில் போட்டு, அதன்மேல் பழைய ரப்பர் செருப்பை வைத்து, பக்கத்து வீட்டில் யாரோ மத்திமீனைத் தீய விட்டால் எப்படியோ அப்படி. அது என் காரிலிருந்துதான் வருகிறது என்று தெரிவதற்குள் நான் பனகல் பார்க் சிக்னல் வரை வந்துவிட்டேன். அதுவரை தி.நகரின் நாற்றம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தி.நகருக்கு அந்தத் தகுதி உண்டு.

பக்கத்தில் நின்ற பைக்காரர் கண்ணாடியைத் தட்டினார். "மேடம், பின்னாடி வீல்ல பொகை வருது. ஹேண்ட் பிரேக் போட்டுகினே வந்துட்டீங்களா?"

ஹேண்ட் பிரேக் லீவர், போடாமல், கீழே படுத்துக் கிடந்தது. விரலால் சுட்டிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் பச்சை விழுந்ததும் போய்விட்டார். வண்டியை ஓரம் கட்டி, குடிக்க வைத்திருந்த தண்ணீரைச் சக்கரத்தின்மேல் ஊற்றினேன். தோசைக்கல்லில் தெளித்தாற்போல் சுர்ரென்று பொங்கி ஆவியாயிற்று. இரண்டு பின்சக்கரங்களும் அப்படித்தான். அந்தப் பைக்காரரின் கேள்வியை அதற்குப்பின் எத்தனை வாயிலிருந்து கேட்டேனோ, கணக்கே இல்லை. கேட்ட ஒருவராவது குனிந்து அந்த லீவரைப் பார்த்ததில்லை.

என் கார் பழைய கார். என் மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. அவன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் பிரேக். ஏ.சி. பாதி நாள் வேலை செய்யும். மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் மழைவெள்ளம் புகுந்தபோது முழங்கால் அளவு சாக்கடையில் நின்று பிழைத்த வண்டி. என் கணவர் வீட்டார் தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக் கடை வைத்தவர்கள். பழையதை எடைக்குப் போட்டுப் புதியதை வாங்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தொழில் மட்டுமல்ல, மதம். ஈயம் பூசிய சட்டியைப் பார்ப்பதுபோல்தான் என் காரையும் பார்ப்பார்கள்.

ஆனால் எனக்கு அந்த வண்டி வேண்டும். காரணம் என் அப்பா.

அப்பா ஆதம்பாக்கத்தில், ஒரு அம்மாளைத் துணைக்கு வைத்துக்கொண்டு இருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு கால் பயிற்சிக்காக வாரத்தில் சில நாள் மயிலாப்பூருக்கு அழைத்து வர வேண்டும். விட்டால் கால் இறுகிப் படுக்கையோடு போய்விடும் என்று பயிற்சி கொடுப்பவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இன்னொன்றும் உண்டு. அப்பாவால் சிறுநீரை அடக்க முடியாது. ஒருமுறை வாடகைக் காரில் அழைத்து வந்தோம். கிண்டி தாண்டுமுன் வேட்டி நனைந்து இருக்கையிலும் இறங்கிவிட்டது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். பெருசுக்குத் துணி ஒன்றைக் கட்டிக் கூட்டிவரத் தெரியாதா, இனிமேல் இதில் யார் உட்காருவார்கள் என்று ஆரம்பித்து, இங்கே எழுதத்தகாத வார்த்தைகளில் முடித்தார். மூக்கைப் பொத்திக்கொண்டே அப்பாவின் துண்டை வெளியே எறிந்தார். நடைபாதையில் அப்பா நனைந்த வேட்டியை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தபடி நின்றார். பேருந்து நிறுத்தத்திலிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அதன்பின் அப்பா யாருடைய வண்டியிலும் ஏறமாட்டார், என் வண்டியைத் தவிர. அதில் ரப்பர் ஷீட், மேலே பழைய போர்வை, கால்மாட்டில் ஒரு வாளி. நனைந்தால் நனையட்டும், அலசிக்கொள்கிறேன். என் அப்பாவின் மூத்திரத்தைவிட அந்த ஓட்டுநரின் வாய்தான் எனக்குக் குமட்டியது.

ஆக, கணக்கு எளியது. வண்டி இருந்தால் அப்பா நடப்பார். வண்டி போனால் படுப்பார்.

நாற்றம் வந்ததற்குச் சில நாட்கள் முன்னால்தான் என் கொழுந்தன், கணவரின் தம்பி, என் காரை இரவல் வாங்கிப் போயிருந்தார். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வேண்டும். அவருடைய கப்பல் போன்ற புதுக்கார் மேற்கு மாம்பலம் சந்துகளுக்குள் நுழையாது. திருப்பிக் கொண்டுவந்தபோது சாவியோடு ஒரு சொற்பொழிவையும் கொடுத்தார். முன்னால் சிவப்பு விளக்கு எரிகிறது, திறந்து பார்த்தால் பிரேக் ஆயில் அடியில் கிடக்கிறது, இப்படியா வண்டி வைத்துக்கொள்வது, நல்லவேளை நான் பார்த்து ஊற்றினேன் என்று கூடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். என் கணவர் பெருமையாகத் தலையாட்டினார். நான் நன்றி சொல்லி ஏலக்காய் டீ போட்டுக் கொடுத்தேன். கூடவே முறுக்கும் வைத்தேன் என்பது இப்போது நினைத்தாலும் எரிகிறது.

முதலில் மந்தைவெளியிலேயே ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் சக்கரத்தைக் கழற்றி, துருப்பிடித்த டிரம்மைச் சுத்தியலால் அடிஅடியென்று அடித்துப் பிடுங்கினார். உள்ளே எட்டிப் பார்த்தேன். வெள்ளத்தில் புகுந்த சாக்கடைச் சேறு காய்ந்து பாளமாகி, அதோடு பிரேக் தூசி குழைந்து, கறுப்புச் சாந்தாக அப்பியிருந்தது. நடுவே செத்த கரப்பான் ஒன்று மல்லாந்து கிடந்தது. இத்தனை நாள் இதன்மேல்தான் என் அப்பாவை உட்கார்த்தி ஓட்டியிருக்கிறேன். மெக்கானிக்குக் கூச்சமே இல்லை. காற்றுக்குழாயை நீட்டி அத்தனையையும் என் முகத்துக்கு ஊதினார். பழைய லைனர் தூசி நுரையீரலுக்குப் போகக்கூடாத சரக்கு. நான் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டேன், அவர் அதையே மூச்சாக இழுத்துக்கொண்டு பீடி பற்றவைத்தார்.

டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ இரண்டு பக்கமும் வெந்து வெடித்திருந்தது. புதிது போட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் அல்ல, துணைக்கு வந்திருந்த என் கணவரிடம் சொன்னார்: "வண்டி நல்ல வண்டி சார். லேடீஸ் ஓட்றதா? ஹேண்ட் பிரேக்கை எடுக்காம ஓட்டிகீறாங்க. அதான் இப்பிடி வெந்துக்கீது."

என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. 'நான் நினைத்தேன்' என்ற திருப்தி இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பிடிக்காத பார்வை அது. அவர் மோசமானவர் அல்ல, என் அப்பாவின் மருந்துகளை அவரே வாங்கி வருவார். ஆனால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே வருகிறவர்.

புது ஷூ போட்டும் நாற்றம் திரும்பியது. முன்னைவிட மோசமாக. காலையில் எடுக்கும்போது வண்டி நன்றாக ஓடும். இரண்டு மூன்று சிக்னலில் பிரேக்கை மிதித்ததும் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி கனக்கும். கொஞ்ச நேரம் நிறுத்திப் போட்டால் மறுபடி இளகும். மறுபடி மந்தைவெளிக்காரரிடம் போனேன். 'டைட்டு கொஞ்சம் ஜாஸ்தி வச்சிட்டேன்' என்று லூஸ் செய்தார். அதற்குள் இந்தச் செய்தி எங்கள் குடும்பத்தில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. ஓரகத்தி ஆறுதல் சொன்னாள்: மறந்துபோவது வயசுக்கோளாறுதான், எனக்கும் பால் பொங்கி வழியுது அக்கா. ஒரு நாத்தனார் 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்' என்று யாரையோ சொல்வதுபோல் சொன்னாள். பத்திரிகை கொடுக்க வந்த சம்பந்தி வீட்டம்மாள்கூட, எங்க டிரைவரை வேணா அனுப்பட்டுமா என்று கேட்டார். என் வண்டியின் பின்சக்கரம் கல்யாணச் சாப்பாட்டில் ஒரு கூட்டாகவே ஆகிவிட்டது. நானே ஒருநாள் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஹேண்ட் பிரேக் போடப்படாமல் இருக்கிறதா என்று திரும்ப எட்டிப் பார்த்தேன். அப்படிப் பார்க்க வைத்தார்களே, அதை மன்னிக்க மாட்டேன்.

பிறகு அடையாறு பாலம்.

அப்பாவைப் பின்னால் உட்கார்த்திக்கொண்டு பாலத்தைக் கடந்து இறங்குகிறேன். முன்னால் தண்ணீர் கேன் ஏற்றிய மினி வேன் வேகம் குறைத்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் சேற்றில் கால் வைத்தாற்போல் தரை வரைக்கும் போயிற்று. வண்டி நிற்கவில்லை. கியரை இறக்கி, எல்லோரும் நான் போட்டபடியே ஓட்டுவதாகச் சொன்ன அந்த ஹேண்ட் பிரேக்கை முழு பலத்தோடு இழுத்தேன். இடதுபக்கக் கட்டைச்சுவரில் உரசிக்கொண்டே போய், வேனை இடிக்க ஒரு முழம் இருக்கையில் நின்றது. பின்னாலிருந்து அப்பா, "வந்துட்டமாம்மா?" என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். சக்கரங்கள் ஆறும்வரை அங்கேயே நின்றோம். அப்பாவின் போர்வை நனைந்தது. ஆற்றிலிருந்து வந்த நாற்றமும் பிரேக் நாற்றமும் சேர்ந்து காருக்குள் நிறைந்தன. அப்பா மட்டும் ஜன்னல் வழியாக, ரொம்ப நாளைக்குப் பிறகு நின்று தண்ணீரைப் பார்த்த சந்தோஷத்தில் உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை வீட்டில் பஞ்சாயத்து. கணவர், கொழுந்தன், ஓரகத்தி. நான் மறைத்திருக்கலாம், கதவில் உரசல் இருந்ததால் முடியவில்லை. கொழுந்தன்தான் அதிகம் பேசினார். வயசானவரை வைத்துக்கொண்டு இப்படி ஓட்டலாமா, ஒன்று கிடக்க ஒன்று ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது, வண்டியை எடைக்குப் போட நான் ஆள் பார்க்கிறேன் என்றார். என் கணவர் உள்ளங்கையை நீட்டினார். சாவிக்காக. சின்னப் பிள்ளையிடம் கத்தரிக்கோலை வாங்குகிற மாதிரி.

நான் கொடுக்கவில்லை. இன்னொரு மெக்கானிக் என் கண்முன்னால் வண்டியைப் பிரித்து, ஹேண்ட் பிரேக்தான் காரணம் என்று காட்டட்டும், அன்றைக்கே கொடுத்துவிட்டு ஜென்மத்துக்கும் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்றேன். சொன்னபிறகு பயம் வந்தது. ஒருவேளை உண்மையாகவே நான்தானோ என்ற பயம்.

பயிற்சிக் கூடத்துக்கு வெளியே காத்திருந்த நாட்களிலெல்லாம் செல்போனில் டிரம் பிரேக் பிரிக்கும் காணொளிகளையே பார்த்திருந்தேன். அதில் ஒரு விஷயம் எனக்குப் புரிந்திருந்தது. பின்சக்கரத்து ஷூவைத் தள்ள இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று ஹேண்ட் பிரேக்கின் கம்பிக் கேபிள். இன்னொன்று காலால் மிதிக்கும்போது குழாய் வழியாக வந்து தள்ளும் பிரேக் ஆயில். கேபிளைக் கழற்றி எறிந்த பிறகும் சக்கரம் பிடித்துக்கொண்டால், குற்றவாளி நான் இல்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது கோடம்பாக்கத்தில் ஒரு சந்துக்கு. அந்த மெக்கானிக்கின் வாயில் எந்நேரமும் பாக்குப்பொடி. பழைய ஆயில் டப்பா ஒன்றில் துப்புவார். குறி தவறியது பாதி, டப்பாவைச் சுற்றிச் சிவப்பாகக் காய்ந்திருந்தது. அந்தக் கையாலேயே டீ கிளாஸை எடுத்து எனக்கு நீட்டினார். நான் உபவாசம் என்றேன். விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன்பே அவர் சிரித்தார். "ஹேண்ட் பிரேக் மேடம். லேடீஸ் வண்டியில இது சகஜம்."

"கேபிளைக் கழட்டுங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு மேடம்? அட்ஜஸ்ட் பண்ணாலே போதும்."

"கழட்டிக் கீழ போடுங்க. கூலி குடுக்கிறேன்ல?"

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். கேபிள் இரண்டும் செத்த பாம்பு மாதிரி தரையில் கிடந்தன. நான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கைப் பலமுறை மிதித்து விட்டேன். இறங்கி வந்து, ஜாக்கியில் தூக்கி நின்ற சக்கரத்தை நானே கையால் சுற்றினேன். சுற்றவில்லை. அடுத்த பக்கமும் சுற்றவில்லை. அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்டதை மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. இத்தனை நாள் தொண்டையில் நின்றதை வாந்தியெடுத்த ஆறுதல் அது. மெக்கானிக்கைப் பார்த்தேன். அவர் டப்பாவைப் பார்த்துத் துப்பினார்.

இப்போது சக்கரத்தின் பின்னால் பிரேக் குழாயில் ஏர் எடுக்கிற நிப்பிளைத் திறவுங்கள் என்றேன். ஸ்பானர் போட்டு அரைச்சுற்று திருப்பினார். உள்ளே அடைபட்டிருந்தது பீய்ச்சிக்கொண்டு வந்து அவர் கன்னத்தில் அடித்தது. சக்கரம் அப்படியே விட்டுக்கொடுத்தது. ஒரு விரலால் தள்ளினேன், சுற்றியது. மிதித்த அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளேயே நின்றிருக்கிறது. பிரேக் பிடித்தபடியேதான் நான் ஓட்டியிருக்கிறேன், ஆனால் கையால் போட்ட பிரேக் இல்லை.

அவர் கன்னத்தைத் துடைத்த துணியை வாங்கி விரலில் தேய்த்துப் பார்த்தேன். பழுப்பாக, கொழகொழவென்று, பைக் ஷெட் வாசனையோடு இருந்தது. முன்னால் போய்ப் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகினேன். மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையம், தயிரில் ஊறிய வடைபோல் உப்பி, மடிந்து, நெளிந்து வெளியே தொங்கியது. அதை வைத்து மூடியைத் திரும்ப மூடவே முடியவில்லை. சமையல்கட்டில் நிற்கிறவர்களுக்கு இது புரியும். குக்கர் காஸ்கெட்டில் எண்ணெய் பட்டுப்பட்டு நாளானால் இப்படித்தான் பெருத்துப் பள்ளத்தில் உட்கார மறுக்கும். வெளியே தெரிந்த ரப்பரே இப்படி என்றால், உள்ளே, மிதியின் அழுத்தத்தைக் குழாய்க்கு அனுப்பும் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்புகளின் கதி என்ன? அவை உப்பி, ஆயில் திரும்பும் வழியை அடைத்துக்கொண்டன. விடாமல் உரசிய சூட்டில் ஆயில் கொதித்துக் குமிழி விட்டதால்தான் பாலத்தில் பெடல் தரை வரைக்கும் போயிற்று. அவ்வளவுதான் நடந்தது.

எல்லாம் ஒரு பெயரால் வந்த வினை. பிரேக் ஆயில் என்று நாமெல்லோரும் சொல்கிறோம். மெக்கானிக் சொல்கிறார், கடைக்காரர் சொல்கிறார், நானும் சொல்கிறேன். ஆனால் அது எண்ணெயே இல்லை. எண்ணெயின் ஜாதியில்கூடச் சேராத வேறொரு திரவம். நிஜமான எண்ணெய் ஒரு கரண்டி அதில் கலந்தால் போதும், ரப்பர் அத்தனையும் ஊதிப்போகும். இதைத்தான் ஊற்ற வேண்டும், வேறெதையும் ஊற்றாதே என்று மூடியின் தலையிலேயே அச்சடித்திருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்களுக்காக அச்சடித்தது.

அங்கேயே நின்று கொழுந்தனுக்குப் போன் போட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன்: "தம்பி, அன்னைக்கு என் வண்டிக்கு பிரேக் ஆயில் ஊத்தினேன்னு சொன்னீங்களே, எந்தக் கடையில வாங்கினது?"

"கடையா? வாங்கவே இல்ல மதினி. நம்ம டெலிவரி பைக்குக்கு வாங்கினதுல அரை டப்பா இஞ்சின் ஆயில் மிச்சம் கெடந்துச்சு. அதைத்தான் ஊத்துனேன். ஆயில்தான, எதுவா இருந்தா என்ன."

மெக்கானிக்குக் கேட்டுவிட்டது. பாக்கு வெளியே தெறிக்கச் சிரித்தார். பிறகு, மேலாக உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்றினால் ஓடும் மேடம் என்று சமாளிக்கப் பார்த்தார். எண்ணெய் குடித்த ரப்பர் திரும்ப இளைக்காது. நாற்றம் அடங்கியதும் நான் பாலத்தில் போய்ச் சாக வேண்டியதுதான். நான் விடவில்லை. மாஸ்டர் சிலிண்டர், பின்சக்கரச் சிலிண்டர்கள், முன்சக்கர ரப்பர்கள், ஹோஸ்கள், ரப்பர் என்று பெயருள்ள எல்லாவற்றையும் மாற்றி, குழாய்களைக் கழுவி, வெந்துபோன ஷூவையும் மறுபடி மாற்றச் சொன்னேன். ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். பாகங்கள் கிடைப்பதும் பூட்டுவதுமாக நாட்கள் இழுத்தன. அதுவரை அப்பா பயிற்சிக்கு வரவில்லை. நான் பேருந்தில் போய்ப் பார்த்தபோது வலது கால் மடங்க மறுத்தது. மடக்கிப் பார்த்தேன், அப்பா கத்தினார். துணைக்கு இருந்த அம்மாள், பரவாயில்லம்மா, சும்மா கிடந்தா அப்படித்தான் என்றாள். அந்தக் காலைப் பிடித்தபடி அரை டப்பா ஆயிலை நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். உப்பிய ரப்பரைக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன், அதையும் எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடாமல் பார்த்தார். அவர் சொல்லப்போகும் வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். எனக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். 'உன்மேல தப்பில்ல' என்ற இரண்டே சொல் போதும்.

"இதை அவன்கிட்ட பெருசு பண்ணாத" என்றார். "பொண்ணு கல்யாண நேரம். மனசு கஷ்டப்படுவான்."

அதற்குப்பின் கவரை எங்கே போடுவது என்று கேட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. முப்பது சொச்சம் வருடத்தில் அவரிடம் கோபப்பட்டிருக்கிறேன், அழுதிருக்கிறேன், பேசாமல் இருந்திருக்கிறேன். இது புதிது. என் மனசைப் பற்றி இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை, அதுதான் குமட்டியது.

கல்யாணம் நன்றாக நடந்தது. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பன்னீர் தெளித்தேன். வண்டி வந்தது, அப்பா மறுபடி பயிற்சிக்குப் போகிறார். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு மறுவீட்டு விருந்து வந்தது. தி.நகரில் கொழுந்தன் வீட்டு மாடியில் இலை போட்டிருந்தார்கள். புதுமாப்பிள்ளையை நடுவில் உட்காரவைத்து, ஒரு பக்கம் கொழுந்தன், மறுபக்கம் என் கணவர். நானும் ஓரகத்தியும் பரிமாறினோம். பேச்சு கார்கள் பக்கம் போயிற்று. கொழுந்தன் உற்சாகமாகிவிட்டார்.

"மாப்ள, எங்க மதினி வண்டிக்கு நாந்தான் வேட்டு வச்சேன், தெரியுமா? பிரேக் ஆயில்னாங்க, ஆயிலத் தூக்கி ஊத்திட்டேன். ஆயில்னு பேரு வச்சவன் மேல தப்பா, என் மேல தப்பா?"

மாப்பிள்ளை மரியாதைக்குச் சிரித்தார். ஓரகத்தி அப்பளக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். 'ஆடத் தெரியாதவள்' நாத்தனார் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என் கணவரும் சிரித்தார், உதட்டில் ரசம் வழிய. இவர்கள் அத்தனை பேருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒருவர் என்னிடம் வாய் திறக்கவில்லை. கொழுந்தன் இன்னும் முடிக்கவில்லை: "பாலத்துல வண்டி நிக்கலையாம். மதினியோட அப்பா பின்னால உக்காந்துகிட்டு, வந்துட்டமான்னு கேட்டிருக்காரு." மறுபடி சிரிப்பு. அதை நான் என் கணவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

நான் செய்யாதபோது அது குற்றம், பஞ்சாயத்து கூட்டினார்கள். அவர் செய்தபோது அது விருந்தில் சொல்கிற வேடிக்கை. பாயச வாளியைக் கீழே வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு அவர் இலைக்கு முன்னால் போய் நின்றேன்.

"தம்பி, உங்க கார் சாவியைக் குடுங்க."

"வண்டி யாருக்கும் மறைக்குதா மதினி? சாப்பிட்டு நானே எடுக்கிறேன்."

"மறைக்கல. இனிமே நீங்க ஓட்ட வேண்டாம்."

உள்ளங்கையை நீட்டினேன். முதலில் ஓரகத்தியின் சிரிப்பு நின்றது, பிறகு மற்றவர்களுடையது. சபையில என்ன பேச்சு இது என்று என் கணவர் தாழ்ந்த குரலில் சொன்னார். மாப்பிள்ளை இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் கையை மடக்கவில்லை. கொழுந்தன் என் கையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடி என் கையைப் பார்த்தார். அவருடைய வலது கையில் பிசைந்த சோறு இருந்தது. இடது கை தானாக மேலே வந்து, சாவி இருந்த சட்டைப்பையை இறுக்க மூடிக்கொண்டது.